யாகப்பன் மகன் சந்தியாகு

நித்திரவிளை சந்தைக்குப் பக்கம்
மீன்வண்டி திரும்பும் முக்கில் நான் டைப் அடிக்கும் கடை.
மனு பக்கத்துக்கு முப்பது ரூபாய்,
இங்கிலீஷில் என்றால் அறுபது.

பிலோமினாள் கொண்டுவந்த பாலித்தீன் பைக்குள்
ஒரே ஆளுக்கு மூன்று பேர்.
ரேஷன் கார்டில் சந்தியாகு.
ஆதாரில் ச-வுக்கு ஒரு துணைக்கால் கூடுதல், சாந்தியாகு.
பாஸ்புக்கில் வங்கிக்காரன் வாய்க்கு வந்தபடி ஷாண்டியாகோ.
"எது சரியாக்கும்?" என்றேன்.
"கரையில நின்னு விளிச்சா திரும்பிப் பாப்பான்லா,
அதாக்கும் சரி."

தூத்தூரிலிருந்து தூண்டிலோடு போன விசைப்படகு.
நீவாடு இழுத்ததோ சுறா இழுத்ததோ,
நாற்பதாம் நாள் கோட்டைத் தாண்டிவிட்டதென்று
பிடித்து வைத்துவிட்டார்கள்.
கடலில் கோடு போட்டவனை நான் கண்டதில்லை.
வெள்ளைக்காரன் வைத்திருக்கும் தீவாம்,
தியேகோ கார்சியா என்று
வயர்லெஸில் கேட்டவன் சொன்னானாம்.

ஆள் பட்டியல் அடித்தேன்.
யாகப்பன் மகன் சந்தியாகு, வயது நாற்பத்தொன்று.
தேங்காப்பட்டணம் யாக்கூப்.
பூவாரிலிருந்து வந்து சேர்ந்த சாக்கோ.
எஞ்சின் பார்க்கும் ஜேம்சன், இருபத்திரண்டு,
தை மாதம் கல்யாணம் பேசியிருக்கிறது
(அது மனுவில் வராது).
இன்னும் ஏழு பேர்.

மொழிபெயர்க்கும் பெட்டியில் தமிழைப் போட்டேன்.
அது துப்பிய இங்கிலீஷில்
சந்தியாகு ஜேம்ஸ் ஆகியிருந்தான்.
யாகப்பனும் ஜேம்ஸ்.
ஜேம்ஸ் மகன் ஜேம்ஸ்!
யாக்கூப் ஜேக்கப், சாக்கோவும் ஜேக்கப்.
யாரைக் கேட்டு ஞானஸ்நானம் கொடுத்தாய் என்று
திரைக்கு ஒரு தட்டு வைத்தேன்.
பிலோமினாள் சிரித்தாள். அன்று அந்த ஒரு தடவைதான்.

ராத்திரி கரண்டு போன ஒன்றரை மணி நேரம்
போனைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.
பெட்டி பொய் சொல்லவில்லை.

எபிரேயத்தில் யாக்கோவ்.
அரபு நாக்கில் யாக்கூப்.
லத்தீனில் யாரோ ஒருவன் வாயில் ப மழுங்கி ம ஆனதில்
ஜேம்ஸ்.
சுரியானியில் கிளம்பி
மலையாளத்தில் கால் நனைத்து சாக்கோ.
மேற்கே இயாகோ என்று மெலிந்தவன் தலையில்
புனிதப் பட்டம் ஏறி சான்தியாகோ.
பறங்கிக் கப்பலில் வந்து எங்கள் கரையில் சந்தியாகு.
அதே சொல்லைத் தப்பான இடத்தில் நறுக்கியதில்
தியேகோ பிறந்தான் என்கிறார்கள்.
இல்லை, அதற்கு வேர் வேறு என்று
சண்டை போடுகிறவர்களும் உண்டு.
யாகப்பனில் நிற்கும் அப்பன் மட்டும்
நாம் சேர்த்தது.

அப்படியென்றால்
தன் பேருள்ள தீவில்தான்
ஒருவேளை
தடுத்து வைக்கப்பட்டிருக்கிறான் சந்தியாகு.

அர்த்தமும் கிடைத்தது.
இரட்டையில் பிந்திப் பிறந்தவன்,
முந்திப் போனவனின் குதிகாலைப் பிடித்தபடி
உலகத்தில் விழுந்தவன்.
ஏமாற்றுகிறவன் என்றும் சொல்வார்கள்.
அதைப் பிலோமினாளிடம் சொல்லவில்லை.
முதல் அர்த்தத்தையும் சொல்லவில்லை,
விடிந்ததும் கூட்டம்.

ஐம்பத்தாறாம் நாள் ஒரு காகிதம் வந்தது.
அபராதம், பவுண்டில்.
கட்டினால் ஆளை விடுவார்கள், படகைப் பிறகு பார்க்கலாம்.
"அடியில யாருக்க ஒப்பு?"
"ஜேம்ஸ்" என்றேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
"அப்போ எனக்க ஆளுக்க பேர்க்காரன்லா.
பேர்க்காரனைப் பேர்க்காரன் பிடிச்சு வைப்பானா?"

வெளியே மீன்வண்டி ஹாரன் அடித்தது.
அவள் பையை மடித்து மடித்துப் பிரித்தாள்.
"வள்ளத்துல ஏறும்போ குதிகால் நிறைய மண்ணு பாத்துக்க.
நான் கிட்டதான் நின்னேன்.
கை எட்டும். பிடிச்சிருக்கலாம்."

அறுபது ரூபாய் வேண்டாம் என்று சொன்னதாக
எழுத ஆசைதான்.
நாற்பது வாங்கினேன்.

அடுத்த மனுவுக்குப் புதுப் பக்கம் திறந்தேன்.
அனுப்புநர்:
பிலோமினாள், க/பெ. சாந்தியாகு.
ஆதாரில் உள்ளபடி,
துணைக்காலை விடாமல்.